துணைக்கு வந்தவர்கள்

அரசாங்கம் அந்த இயந்திரத்துக்கு 'முன்னறி' என்று பெயர் வைத்தது. யாருக்கு எப்போது உடம்புக்கு வரும் என்பதை வருவதற்கு முன்பே அறிந்து சொல்லுமாம். டாக்டர் வண்டி எந்த ஊருக்குப் போக வேண்டும், ஆஸ்பத்திரியில் எந்தக் கட்டில் யாருக்கு, யாருக்கு முதலில் ஊசி என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்யும். கலெக்டரே நினைத்தாலும் மாற்ற முடியாது. இனிமேல் சிபாரிசு கிடையாது, தெரிந்தவர் தெரியாதவர் என்ற பேச்சு கிடையாது என்று தொலைக்காட்சியில் அறிவித்தபோது வெள்ளைமேட்டுக்காரர்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சிபாரிசு பண்ண அவர்களுக்கு யார் இருந்தார்கள்?

வெள்ளைமேடு தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவில் இருக்கிற ஊர். ஊர் முழுக்க உப்பு வாருகிறவர்கள். அளத்தில் வெயில் மேலேயிருந்து ஒரு தரம் சுடும், பாத்தியில் பட்டுத் திரும்பி இன்னொரு தரம் சுடும். பிறக்கும்போது என்ன நிறமாக இருந்தாலும் நாலு வருஷம் உப்பு வாரினால் எல்லோரும் ஒரே கறுப்புத்தான். டவுன் பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாக இருந்தாலும் சிலர் நின்றுகொண்டே வருவார்கள். ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். 'அளத்தாளுகளா, ஓரமா நில்லுங்க' என்று ஒரு குரல் எங்கிருந்தாவது வந்துவிடும்.

முன்னறி வந்ததும் மாவட்டத்தில் எல்லோர் கையிலும் ஒரு பட்டையை மாட்டினார்கள். வெள்ளைமேட்டில் அதற்குக் காப்பு என்று பெயர். அதிலிருந்து வெளிச்சம் தோலுக்குள் போய் நாடியைப் படிக்கும் என்றார்கள். வெயிலில் வெந்து, உப்பில் ஊறித் தடித்துப்போன தோலுக்குள் அது எவ்வளவு தூரம் போயிற்றோ, யார் கண்டது! தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. அது சொல்லாது. ஊரில் இருந்த அத்தனை காப்பும் பச்சையாகவே எரிந்தது, பச்சை என்றால் நலம்.

அந்த ஊருக்குச் சுகாதார ஊழியராக இருந்தவள் ஜெயராக்கினி. அவளும் உப்பு வாரியவள்தான். பத்தாவது வரை படித்திருந்ததால் இந்த வேலை கிடைத்து வரப்பில் ஏறினாள். தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பினால், கஞ்சி குடிக்கிற நேரத்துக்குள் எல்லாப் பாத்திகளையும் சுற்றி வந்துவிடுவாள். ஒருத்திக்கு ரத்தக்கொதிப்பு பார்ப்பாள், ஒருத்தர் கால் புண்ணைக் கழுவிக் கட்டுவாள், மயங்கப் பார்க்கிறவர்களை நிழலில் இழுத்துப்போட்டு உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுப்பாள். பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் ஒதுங்க வேண்டும், வெட்டவெளி அளத்தில் ஒதுங்க ஏது இடம்? ராக்கினி ஒவ்வொருத்தியையும் வைது குடிக்க வைப்பாள். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், மரியாதையும் போகும். அதனால் சாதாரணமாக யாரும் போவதில்லை. ஊருக்கு ஆஸ்பத்திரி என்றால் ராக்கினியின் தோள்பைதான்.

அப்படிப்பட்டவள் பையிலும் மருந்தில்லாத ஒரு காரியம் நடந்தது. பேச்சித்தாயின் கால் வீங்கியது.

பேச்சித்தாயும் ராக்கினியும் ஒரே பாத்தியில் நின்று உப்பு வாரியவர்கள். ஒருத்தி கூடையை ஒருத்தி தலையில் தூக்கிவிட்டுப் பழகியவர்கள். ராக்கினியின் புருஷன் கடலில் இறந்துபோனபோது நாற்பது நாளும் அவள் வீட்டிலேயே வந்து படுத்திருந்தவள் பேச்சி. பேச்சியின் கணுக்காலில் ராக்கினி விரலை வைத்து அழுத்தினாள், குழி விழுந்தது விழுந்தபடியே நின்றது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன என்று வந்தது. இனி வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்து ரத்தத்தைக் கழுவிக்கொண்டால் பிழைத்துக் கிடப்பாள், இல்லாவிட்டால் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் நாற்காலிகள் இருந்தன. ஆனால் முன்னறி முறை கொடுத்தால்தான் நாற்காலியின் பூட்டே திறக்கும். ராக்கினி பேச்சியின் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தாள். பொறுத்திருக்கவும் என்று பதில் வந்தது. மறுபடி பதிந்தாள். மறுபடியும் அதே பதில். அவளுக்குப் பின்னால் பதிந்த டவுன்காரர்களெல்லாம் உட்கார்ந்து எழுந்து போனார்கள். முகமும் வீங்க ஆரம்பித்ததும் ராக்கினி பொறுக்க மாட்டாமல் மாவட்ட முன்னறி அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

அங்கே அதிகாரியாக இருந்தவள் எழிலரசி என்ற இளம்பெண், சென்னைக்காரி. வெள்ளைமேடு என்று சொன்னதும் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். ராக்கினிக்கு ஒன்றும் புரியவில்லை. மாவட்டத்திலேயே ஆரோக்கியமான ஊர் வெள்ளைமேடுதான் என்று முன்னறி சொல்லியிருக்கிறது, உங்களுக்கு விருது கொடுக்க எழுதி அனுப்பியிருக்கிறேன் என்றாள் எழிலரசி. ராக்கினி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்தாள். அங்கே ஐம்பது வயதைத் தாண்டுகிறவர்களே குறைச்சல், அந்த ஊரா ஆரோக்கியமான ஊர் என்று கேட்டாள். பேச்சியின் கதையையும் சொன்னாள்.

கேட்கக் கேட்க எழிலரசியின் முகம் மாறியது. எதிரே இருந்த திரையில் எதையெதையோ தட்டிப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அதுக்கு நோய் தெரியாதுக்கா. நோயை அளக்கறது கஷ்டம், செலவை அளக்கறது சுலபம். ஒரு ஊர்க்காரங்களுக்கு ஆஸ்பத்திரியில எவ்வளவு செலவாகுதுன்னு பார்க்கும். நிறைய செலவானா நிறைய நோய். கம்மியானா கம்மி நோய். அப்படித்தான் அதுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க."

"எங்க ஊர்ல ஆரும் ஆஸ்பத்திரிக்கே போறதில்லியே."

"அப்போ உங்க ஊர்ல நோயே இல்லைன்னு அர்த்தம்."

"அப்பம் நான் நாயா அலைஞ்சு பாக்குறதெல்லாம்?"

எழிலரசி தயங்கினாள். "அது எங்கேயும் பதிவாகாதுக்கா. நீங்க ஊருக்குள்ளயே பார்த்துச் சரி பண்ணிடறீங்க. நீங்க எவ்வளவு நல்லா பார்க்கறீங்களோ அவ்வளவுக்கு உங்க ஊர் அதோட கண்ணுக்குத் தெரியாம போகுது."

ராக்கினிக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷ உழைப்பும் பேச்சியின் கழுத்தில் சுருக்காக விழுந்திருக்கிறதே என்று நினைத்தபோது அடக்க முடியாமல் அழுகை வந்தது. எழிலரசி தண்ணீர் கொடுத்தாள். மேலே எழுதிப் பார்க்கிறேன், ஆனால் பதில் வர வருஷக்கணக்கில் ஆகும் என்றாள். வாசல் வரை வந்தவள் குரலைத் தாழ்த்தி, கொஞ்ச நாளைக்கு நீங்கள் எதையும் பார்க்காதீர்கள், தலைவலி என்றாலும் ஆஸ்பத்திரிக்கே அனுப்புங்கள், செலவு ஏறினால் முன்னறிக்குக் கண் திறக்கும் என்று சொன்னாள். தான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள்.

ராக்கினி ஊருக்கு வந்து பையை ஆணியில் மாட்டினாள். இனி மேல்வலி, கால்வலி எதுவானாலும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என்னிடம் வராதீர்கள் என்று வீடு வீடாகச் சொன்னாள். ஏன் என்று கேட்டவர்களிடம் மேலிடத்து உத்தரவு என்றாள். எல்லோரும் சரி சரி என்று தலையை ஆட்டினார்கள். ஒருத்தர்கூடப் போகவில்லை.

அவள் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. கை வைத்தியத்தை நிறுத்தினால் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள் என்று அவளும் நினைத்தாள், படித்த எழிலரசியும் நினைத்தாள். அவர்களோ பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்கள். முன்பு ராக்கினியிடம் காட்டிய புண்ணை இப்போது யாரிடமும் காட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கங்காணி சவரிமுத்துவின் கால் விரல் ஒன்று அழுகிப்போய் அவரே துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை விடாமல் இருமுவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது, ராக்கினி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரசாங்க வேலை நிலைச்சதும் ராக்கினிக்குத் தலை கனத்துப்போச்சு என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள்.

இதில் கொடுமை என்னவென்றால், ஊர்ப் பெயரில் ஏறிக்கொண்டிருந்த ஒரே செலவான அவள் பை மாத்திரையும் இப்போது நின்றுவிட்டது. வெள்ளைமேடு முன்னைவிடத் தேறிவிட்டது என்று முன்னறி முடிவுகட்டியது. இரண்டு பேர் வண்டியில் வந்து 'பசுமை ஊர்' என்று எழுதிய பலகையை ஊர் முகப்பில் நட்டுவிட்டு, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பலகை நட்ட அன்றைக்குப் பேச்சி மூச்சு வாங்க நடந்து ராக்கினி வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தாள் ராக்கினி.

"ஏட்டி, எனக்கு ஒரு நாக்காலி கெடைக்கணுமின்னு ஊரையே கொல்லப் பாக்கியா? நான் போனா நான் ஒருத்திதான் போவேன். பைய எடுத்து மாட்டு."

பேச்சியே எட்டிப் பையை எடுத்து அவள் மடியில் போட்டாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். மறுநாள் காலையில் ராக்கினி பழையபடி வரப்பில் ஏறினாள். முதலில் சவரிமுத்துவின் காலைத்தான் பார்த்தாள். ஒரு விரல் போயே போய்விட்டது. அவர் அவளை ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அந்த வாரமே பேச்சி வீட்டு வாசலில் குடத்தோடு விழுந்தாள். அவசர வண்டியில் போட்டு, புருஷன் சுடலைமுத்துவும் ராக்கினியும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் போகிற நிலைமை என்றால் ஒரே ஒரு தடவைக்கு நாற்காலியின் பூட்டு திறக்கும். அப்படி ஒரு தடவை கழுவியதில் பேச்சி கண்ணைத் திறந்தாள். ஆனால் அடுத்த தடவைக்கு முறை வர வேண்டும். டாக்டர் நல்ல மனுஷன். எங்கள் கையில் இல்லையம்மா, திங்கட்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். வீட்டுக்கு என்றால் என்ன அர்த்தம் என்பது சுடலைமுத்துவுக்கும் விளங்கியது. அவர் தாழ்வாரத்தில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளைமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. தனக்கென்று எவனும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டான். ஆனால் ஊரில் ஒருத்தர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் போய்ப் பார்க்காமல் இருக்க மாட்டான். கல்யாணத்துக்கு வராதவனைக்கூட மன்னித்துவிடுவார்கள், ஆஸ்பத்திரியில் வந்து எட்டிப் பார்க்காதவனோடு பேச்சுவார்த்தை அறுந்துவிடும். அதிலும் பேச்சியைத் திங்கட்கிழமை திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்ற சேதி பரவியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உப்பு லாரியைக் கழுவிவிட்டு, ஊரே ஏறி நின்று வந்து இறங்கியது. கையில் ரொட்டி, ஆரஞ்சுப்பழம், பாட்டிலில் கஞ்சி. கிழடு கட்டை, பிள்ளைகுட்டி ஒன்று பாக்கியில்லை.

சத்தம் கேட்டு ராக்கினி கீழே இறங்கி வந்தாள். ஆஸ்பத்திரிக்கு அப்போது இரண்டு வாசல்கள். பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வாசல், அதில் நோயாளி ஒருவருக்கு இரண்டு பேர் என்று கண்டிப்பு. ராக்கினியும் சுடலைமுத்துவும் உள்ளே இருந்ததால் அந்தக் கதவு அசையவே இல்லை. இன்னொன்று நோயாளிகள் வாசல். அங்கே ஆள் கிடையாது, பேசும் கதவுதான். கேட்டதற்குப் பதில் சொல்லி, விரலை ஒரு துளையில் வைத்தால் சுருக்கென்று ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, நோயாளி என்று ஊர்ச் செலவுக் கணக்கில் ஏற்றிக்கொண்டு திறந்துவிடும்.

சவரிமுத்து கட்டுப்போட்ட காலோடு நொண்டி நொண்டி அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றார்.

என்ன தொந்தரவு என்று கேட்டது கதவு.

"கிட்னி."

யாருக்கு என்று கேட்டது.

"நமக்குத்தான்."

அவர் பக்கத்துப் பேச்சில் அதற்கு நம்ம ஆளுக்கு, நமக்கு வேண்டியவளுக்கு என்றுதான் அர்த்தம். கண்டவளுக்காகவா கால் விரல் போனவன் இவ்வளவு தூரம் வருவான்? கதவுக்கு அந்த நுணுக்கமெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள். நமக்கு என்றால் அவருக்கு என்று எடுத்துக்கொண்டது. சுருக்கென்று குத்தித் திறந்தது. சவரிமுத்து உள்ளே நின்றுகொண்டு, பெரிய சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவர் மாதிரி, கிட்னி நமக்குத்தான்னு சொல்லுங்க, திறந்துடுது என்று வெளியே குரல் கொடுத்தார். வரிசை நகர ஆரம்பித்தது. கிட்னி, நமக்குத்தான். கிட்னி, நமக்குத்தான். ஆரஞ்சுப்பழப் பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகை விரலை நீட்டி நீட்டி ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். குழந்தைகள்கூட அதையே மழலையில் சொல்லிக்கொண்டு வந்தன.

என்ன நடக்கிறது என்பது ராக்கினிக்கு மட்டும்தான் தெரிந்தது. நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள். பொய் சொல்லிப் பழகாதவள், அடுத்தவர் சொல்கிற பொய்க்குத் துணை நிற்கிறோமே என்று பதறினாள். பொய் என்று தெரியாமல் சொல்கிறார்களே, அது பொய்யா என்றும் யோசித்தாள். அதற்குள் ஊசிக்குப் பயந்து வெளியே அடம்பிடித்த ஒரு கிழவியைச் சமாதானப்படுத்தப் போனாள். கிழவி கையை விடாததால், அவளை முன்னால் விட்டுத் தானும் அந்தக் கதவு வழியாகவே திரும்பி வர வேண்டியிருந்தது. கதவு கேட்டது. ராக்கினி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, நமக்குத்தான் என்று சொல்லி விரலை வைத்தாள்.

மாடியில் அன்றைக்குத் திருவிழா மாதிரி இருந்தது. எல்லோரையும் பார்த்ததும் பேச்சி, ஒரு நாள் கூலியைக் கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்களே, நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று வைதாள். வைதுகொண்டே அழுதாள்.

சாயங்காலம் லாரி ஊர் போய்ச் சேருவதற்குள் ஒவ்வொரு கையிலும் காப்பு சிவந்துவிட்டது. வெள்ளைமேட்டில் ஒரே நாளில் ஊர் முழுக்கச் சிறுநீரக நோய் என்று முன்னறி அலறியது. திங்கட்கிழமை காலையில் பேச்சிக்கு முறை வந்தது. நாற்காலி பூட்டு தானாகத் திறந்தபோது டாக்டரே வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அதற்கடுத்த வாரங்களில் ஊருக்குள் டாக்டர் வண்டி வந்தது, தண்ணீர் வண்டி வந்தது, அளத்தில் பெண்கள் ஒதுங்க நாலு மறைப்புகள் எழும்பின. வெள்ளைமேட்டுக்கே சொந்தமாக ஒரு டயாலிசிஸ் நிலையம் என்று உத்தரவு வந்து, உப்பு மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கி ஒன்றை வெள்ளையடித்து நாற்காலிகளை இறக்கினார்கள். பசுமைப் பலகையை யாரோ பிடுங்கி மடக்கி ஆட்டுக்குத் தொட்டியாக்கிவிட்டார்கள்.

ராக்கினிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. இது என்றைக்குக் குட்டு உடையுமோ என்று பயந்துகொண்டே இருந்தாள். பயந்த மாதிரியே, கிட்டங்கி நாற்காலியில் பேச்சியை முதன்முதலாக உட்கார வைத்து நர்ஸ் குழாயை மாட்டிக்கொண்டிருந்தபோது எழிலரசி வந்து இறங்கினாள். ராக்கினியைப் பார்த்தவள் கையைப் பிடிக்கவில்லை, சிரிக்கவில்லை. ஆள் இளைத்திருந்தாள்.

வாசல் கதவு பதிந்து வைத்திருந்த படத்தையும் பேச்சையும் பார்த்துவிட்டேன் என்றாள். ஆரஞ்சுப்பழத்தோடு எந்த நோயாளி வருவார் என்று கேட்டாள். அது தன் வேலை, தவறாக ஏறிய பெயர்களைக் கண்டுபிடித்து அழித்தாக வேண்டும், இன்றைக்குத்தான் கடைசி நாள், அழித்தால் ஊர் மறுபடி பச்சையாகிவிடும், பச்சை ஊரில் நாற்காலி நிற்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

ராக்கினி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

"தாயி, ஊரு மேல தப்பில்ல. அவுக சொன்னதுக்கு அர்த்தம் வேற. தெரிஞ்சு நின்னவ நான்தான். என்னை வேலய விட்டு எடுத்துருங்க. பேச்சிக்கு மட்டும் ஒரு நாக்காலிய விட்டுட்டுப் போங்க."

எழிலரசி அவள் கைகளைப் பிரித்துவிட்டாள்.

"அழிக்கத்தான்க்கா உட்கார்ந்தேன். பேர் எடுப்பேன், அன்னைக்குக் கதவு எடுத்த ரத்தத்தைப் பார்ப்பேன், நல்லா இருந்தா அழிப்பேன். முதல் பேர் சவரிமுத்து. அழிக்க முடியலை. அடுத்த பேர் முடியலை. அதுக்கடுத்தது ஒரு குழந்தை, அதை அழிச்சேன். இப்படியே போச்சு." நாற்காலியில் இருந்த பேச்சியை ஒரு தரம் பார்த்தாள். "பிள்ளைகளை விட்டா அழிக்கிறதுக்கு ஆளே கொஞ்சம்தான்க்கா. பெரியவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குக் கிட்னி நிஜமாவே கெட்டுப்போய்த்தான் இருக்கு. அவங்க பொய்யே சொல்லலை."

ராக்கினிக்கு அது உடனே உறைக்கவில்லை. உறைத்தபோது ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது. தினமும் பார்க்கிற முகங்கள். தண்ணீர் குடி என்று வைதுவிட்டு, மாத்திரையைக் கொடுத்துவிட்டு, இன்றைக்குத் தேவலை என்று அவள் திருப்தியோடு தாண்டி வந்த ஆட்கள். தான் பார்த்துக்கொண்டதால்தான் முன்னறிக்குத் தெரியவில்லை என்று இத்தனை நாளும் மருகினாளே, தனக்கே தெரியவில்லையே. ஊர் நிலைக்கும், நாற்காலி நிற்கும், பேச்சி பிழைப்பாள் என்ற நிம்மதியும், அத்தனை பேரா என்ற திகிலும் ஒன்றாக வந்து அவளைத் திக்குமுக்காட வைத்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, இவர்களுக்கெல்லாம் என்ன செய்ய வேண்டும், யாருக்கு முதலில், மாத்திரையில் நிற்கிறவர்கள் யார், சொல்லுங்கள் என்று வேலையில் இறங்கப் பார்த்தாள். எழிலரசி ஒவ்வொருவராகச் சொன்னாள். பெரும்பாலோருக்கு இப்போதே பிடித்துவிட்டதால் மருந்திலேயே நிறுத்திவிடலாம் என்றாள்.

"எம் பேரும் அதுல ஏறியிருக்கும்" என்றாள் ராக்கினி. "அத அழிச்சிருங்க, தாயி. நான் பேச்சிக்குத் துணைக்கு வந்தவ."

எழிலரசி சுவரில் மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்த ஆளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ராக்கினி இரண்டாவது தரமும் சொன்னாள்.

"அழிக்க முடியாதுக்கா."

ராக்கினி இத்தனை நாளும் வரப்பில் நடக்கும்போது இரைக்கிறதை வயசு என்று நினைத்தாள். சாயங்காலம் செருப்பு இறுகுவதை நடந்த நடை என்று நினைத்தாள். ஊரெல்லாம் தண்ணீர் குடி குடி என்று சொல்லிக்கொண்டு அதே வெட்டவெளியில் அவளும்தான் குடிக்காமல் நடந்திருக்கிறாள். எவ்வளவு மோசம் என்று கேட்டாள். பேச்சியம்மாவுக்கு அடுத்தது நீங்கள்தான், மருந்தில் நிற்கிற கட்டம் தாண்டிவிட்டது, இன்றைக்கே உட்கார வேண்டும் என்றாள் எழிலரசி. முதலில் மற்றவர்கள் ஆகட்டும், எனக்குச் சுற்ற வேண்டிய வீடுகள் இருக்கின்றன என்று ராக்கினி பையைத் தோளில் ஏற்றினாள்.

நாற்காலியில் சாய்ந்திருந்த பேச்சி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். குழாய் மாட்டாத கையை நீட்டிப் பையின் வாரைப் பிடித்து இழுத்தாள். பை கீழே விழுந்தது. ராக்கினி குனிந்து எடுக்கப் போனாள், பேச்சி அவள் கையை விடவில்லை.

நர்ஸ் பக்கத்து நாற்காலியில் புதுத் துண்டை விரித்தாள். ராக்கினி செருப்பைக் கழற்றினாள். ஊருக்கெல்லாம் ஊசி போட்டவள், சின்னப் பிள்ளை மாதிரி பேச்சியைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"வலிக்குமாட்டி?"

"வலிக்கும்" என்றாள் பேச்சி. "கத்தணும்னா கத்திரு. இங்கன ஆரு இருக்கா, நாமதான."

ராக்கினி ஏறி உட்கார்ந்து கையை நீட்டினாள்.